பூச்சிமருந்தும் நன்னீர்ப் பூச்சிகளின் வளர்ச்சியும்

கேரளத்தின் தென்கோடியில் நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த எல்லைக் கிராமங்களில், நேந்திர வாழையும் மரவள்ளியும் காய்கறியும் பயிராகும் நிலங்களை ஒட்டியே குளங்களும் வாய்க்கால்களும் அமைந்துள்ளன. வாழைத்தண்டைத் துளைக்கும் கூன்வண்டையும் வேரைத் தாக்கும் நூற்புழுவையும் ஒழிக்கும் பொருட்டுக் கார்போபியூரான் என்னும் குருணை மருந்து கேரளத்து வாழைத் தோட்டங்களில் நெடுங்காலம் இடப்பட்டு வந்தது. 2011ஆம் ஆண்டில் கேரள அரசு இதனைத் தடை செய்தது. எல்லைக்கு இப்பால், தமிழ்நாட்டில், அவ்வாண்டில் இம்மருந்திற்குத் தடை ஏதும் இல்லை.

கார்போபியூரான் நீரில் கரையும் இயல்புடையது. காரத்தன்மையுள்ள நீரில் விரைவிற் சிதையும். அமிலத்தன்மையுள்ள நீரிலோ நெடுநாள் தங்கும். இவ்வட்டாரத்துச் செம்மண் அமிலத்தன்மை வாய்ந்தது. ஆகவே, இடவப்பாதியிலும் துலா மாதத்திலும் பெய்யும் பெருமழை தோட்டத்து மருந்தைக் குளத்திற்குக் கொண்டு சேர்க்குமாயின், அஃது உடனே அழிந்துவிடும் என்று கருதுவதற்கில்லை.

குளத்தில் மீன் செத்து மிதந்தால் ஊரார் அனைவரும் அறிவர். கொல்லும் அளவிற்குக் குறைவாக மருந்து கலந்த நீரில் நிகழ்வதோ கண்ணுக்குப் புலனாவதில்லை. நரம்புகளின் செயலை ஒழுங்குபடுத்தும் அசெட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை இம்மருந்து முடக்குகிறது. அதனால் இளம்பூச்சி தளர்ந்து, இரையைத் துரத்த இயலாது மெலிகிறது, வளர்ச்சி தாமதப்படுகிறது, முதிர்ந்து சிறகு பெற்றாலும் உருவிற் சிறுத்துக் குறைவாகவே முட்டையிடுகிறது. தட்டானின் இளம்பூச்சி பத்துத் தடவைக்கு மேலும் தோலுரிக்கக் கூடும். ஒவ்வொரு முறையும் புதுத்தோல் மென்மையாய் இருக்கும் சில மணி நேரமே அதற்குப் பெரும் ஆபத்தான வேளை. டைபுளுபென்சுரான் போன்ற வேறு சில மருந்துகள் இவ்விடத்திலேயே தாக்குகின்றன. தோலுக்கு உறுதி தரும் கைட்டின் உருவாவதைத் தடுப்பதால், பூச்சி பழைய தோலினின்று விடுபடாமலே மடிகிறது. சேற்றில் வாழும் செந்நிற இரத்தப்புழுக்களின் வாய்த்தகட்டிற் காணும் பல் குறைபாடுகளை நீர் மாசின் அடையாளமாகப் பல நாடுகளில் ஆய்வாளர் கொள்கின்றனர்.

இதனால் ஊருக்கு வரும் கேடு யாது? வெப்பமான நீரில் கொசு, முட்டையிலிருந்து சிறகு பெற ஏழு முதல் பத்து நாட்களே போதும். அதன் புழுவை உண்ணும் தட்டானுக்கோ, இனத்திற்கேற்பச் சில வாரங்கள் முதல் ஓராண்டோ அதற்கு மேலோ தேவை. முட்டைகளை ஆண் தன் முதுகிற் சுமந்து காக்கும் நீர்மூட்டைப் பூச்சியும் கொசுப்புழுவை விரும்பி உண்பதே. மருந்து கலந்த குளத்தில் இரு தரப்பும் அழியினும், முதலில் மீள்வது கொசுவே. அதனைத் தின்பவை மீளும் முன்னர்க் கொசுக்கள் பல தலைமுறை கண்டுவிடும். கொசுவை ஒழிக்கவென்றே குளங்களில் மருந்திடும் ஊழியர் இதனை முன்னதாகவே எண்ண வேண்டும்.

காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 2000ஆம் ஆண்டு வரை ஹெலிகாப்டரிலிருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்பானைப் பற்றி, மக்கள் நோயுற்ற பின்னரே நாடெங்கும் பேச்செழுந்தது. உச்ச நீதிமன்றம் அதனைத் தடுத்தது 2011 மே 13இல். நீர்ப்பூச்சிகளைக் கவனிப்போர்க்கு அத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.

இதற்குப் பெருஞ்செலவும் இல்லை. சிறகு பெற்ற தட்டான், தன் கடைசித் தோலைக் கரையோரக் கோரைத் தாளிலேயே விட்டுப் பறக்கிறது. ஒரே கரையின் பத்தடி நீளத்தில் வாரந்தோறும் இத்தோற்கூடுகளை மாணவர் பொறுக்கி எண்ணி, தேதியுடன் எழுதி வைக்கலாம். பாதி உரிந்த நிலையில் இறந்தவற்றைத் தனியே குறித்தல் வேண்டும். அடுத்த தோட்டத்தில் மருந்திட்ட நாளும் மழை பெய்த நாளும் அதே ஏட்டில் இடம்பெறுதல் நலம்.