வெற்றிடம் விட்ட தலைவர்

யாழ். மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையே 1904 இல் தொடங்கிய ‘வடக்கின் பெருஞ்சமர்’ காணச் செல்வோர் பெரும்பாலும் பந்தையே பார்ப்பர். நாமோ அணித்தலைவரின் கையைப் பார்ப்போம். ஒருவரை அவர் நகர்த்த, வேறோரிடம் வெறுமையாகிறது. பதினொருவரால் மைதானம் முழுவதையும் காத்தல் இயலாதன்றோ!

அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்திலோ களங்காப்போர் ஒன்பதின்மரே. 1946 ஜூலையில் கிளீவ்லாந்துத் தலைவர் லூ பூட்ரோ, பொஸ்ரன் வீரர் டெட் வில்லியம்ஸ் பந்தைப் பெரும்பாலும் வலப்புறமே அடிப்பதைக் கண்டு, தம்மவரை அப்பக்கம் குவித்தார். இடப்புறத்தில் ஒருவரே எஞ்சினார். அங்கே மெல்லத் தட்டினாலே போதும். வில்லியம்ஸின் வீம்பு அதற்கு இடந்தரவில்லை. பூட்ரோ பந்தயம் வைத்தது அந்த வீம்பின் மீதுதான் என்பது நம் எண்ணம்.

ஆயினும் செப்டம்பர் 13 இல், அதே அணிக்கெதிராக, வில்லியம்ஸ் இடப்புற வெற்றிடத்திற் பந்தைச் செலுத்தினார். அது திரும்பி வருமுன் நான்கு தளங்களையும் ஓடி முடித்தார்! 1-0 என வென்ற பொஸ்ரன், தன் லீக்கின் முதலிடத்தையும் அன்றே உறுதிசெய்துகொண்டது.

பிற்காலத்தில் கணினிக் கணக்குகளால் இவ்வியூகம் பெருகவே, இரண்டாந் தளத்தின் இருபுறமும் உட்களத்தார் இருவர் இருவராக நிற்கவேண்டுமென 2023 இல் அமெரிக்கப் பெருலீக்கில் விதி வந்தது. கிரிக்கெட்டிலும் துடுப்பாட்டக்காரருக்குப் பின்னே லெக் பக்கத்தில், விக்கெட் காப்பாளர் நீங்கலாக, இருவருக்கு மேல் நிற்றலாகாது.

அடுத்த பெருஞ்சமரில் ஒரு பக்கம் வெறுமையாய்க் கிடந்தால், அது மறதியா, வலையா என்று வாசகர்கள் ஊகித்துப் பார்க்கலாம்.