வினையெச்சமும் ஜப்பானியரின் ‘தெ’ வடிவமும்

தமிழ் வாக்கியத்திற்கு வேண்டிய நீளத்தைக் கொடுப்பது வினையெச்சமே. “வைகறையில் எழுந்து, நீராடி, உணவு கொண்டு, ஆவடியில் வண்டியேறிப் பட்டணஞ் சென்றான்” என்னும் வாக்கியத்தில் வினைகள் ஐந்து உள. ஆயினும் திணை, பால், எண், இடம் என்பனவற்றைத் தெரிவிப்பது ஈற்றில் நிற்கும் ‘சென்றான்’ என்னும் ஒரு முற்றே. முன்னின்ற நான்கும் தம்மளவிற் பொருள் முற்றாது, பின்வருவதொன்றை அவாவி நிற்கின்றன. ஆங்கிலேயர் பெரும்பாலும் ஒவ்வொரு வினையையும் முற்றாகவே நிறுத்தி, இடையே இணைப்புச் சொல்லைப் பெய்து வாக்கியம் அமைப்பர். நமக்கு அது வேண்டுவதில்லை, ஜப்பானியர்க்கும் வேண்டுவதில்லை. “ஒகிதெ, தபெதெ, தென்ஷா நி நொத்தெ, இத்த” என்பர் அவர். எழுந்து, உண்டு, மின்வண்டியில் ஏறிச் சென்றான் என்பது பொருள். சென்றவன் ஆணோ பெண்ணோ, ஒருவரோ பலரோ என்பதை அவர்தம் முற்றுவினை காட்டாது. அஃதொன்றே ஈண்டு வேறுபாடு.

(ஜப்பானியச் சொற்களைத் தமிழெழுத்தால் வரைவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘தபெதெ’ என்பதிற் பகரத்தைக் ‘கோபம்’ என்புழிப்போல மெலித்தும், தகரத்தை வலித்தும் ஒலித்துக்கொள்க. பிறவற்றிலும் ககர தகரங்கள் யான் விலக்காதவிடத்துப் பெரும்பாலும் வல்லோசையினவே.)

இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கங்களில் ஜப்பானியர் தொழிற்சாலைகள் பெருகியபின், அம்மொழியைக் கற்கும் இளைஞர் தொகையும் பெருகியுள்ளது. எங்கள் சேக்காட்டிலிருந்து வேலை தேடிச் செல்வோரும் அதனைக் கற்கின்றனர். அவர் கையிலுள்ள நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதியன. ‘தெ’ வடிவத்தை விளக்கவந்த ஆசிரியர், ஆங்கில இணைப்புச் சொல்லை முதலிற் கூறி, பின்பு அதற்கடங்காத பயன்களை ஒவ்வொன்றாக மனனஞ் செய்விக்கின்றார். தமிழன் தன் வாயில் நாள்தோறும் வழங்கும் ஒன்றை, அஃதில்லாத மொழியின் வழியாகச் சுற்றிச் சென்று கற்கின்றான். ஆசிரியர் “இது நம் செய்து என்னும் வாய்பாடு” என்று ஒரு சொற் கூறிவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

முதலில் வியப்பைத் தருவது இலக்கணக் குறியீடே. எச்சத்தைத் தொல்காப்பியர் வினையை அவாவுவது, பெயரை அவாவுவது என இரண்டாகப் பகுத்தார். வினையெச்சம், பெயரெச்சம் என இன்றும் வழங்குகின்றோம். ஜப்பானிய இலக்கண நூலாரும் வினைத்திரிபுகளை வகுக்கும்போது ‘ரென்யோ’ வடிவம், ‘ரென்தை’ வடிவம் என இரண்டைக் கூறுவர். ‘ரென்’ என்பது தொடர்தல். ‘யோ’ என்பது வினைபோலத் திரிபடையுஞ் சொல். ‘தை’ என்பது பெயர். ஆகவே அவை வினை தொடர்வது, பெயர் தொடர்வது என்று பொருள்படும். ஒருவரையொருவர் அறியாத இருநாட்டுப் புலவர் ஒரே கோட்டைக் கிழித்திருக்கின்றனர். பெயரிட்ட வகையில் மட்டும் வேறுபாடு உளது. நம்மவர் எஞ்சி நிற்கும் குறையைக் கண்டு ‘எச்சம்’ என்றனர். அவரோ சேர்ந்து நிற்கும் தொடர்பைக் கண்டு ‘ரென்’ என்றனர். எனக்கு நம்மவர் பெயரே நயமுடையதாகத் தோன்றுகிறது. தமிழ் மாணவன் வேறெவ்வாறு கூறுவான்!

இனி, வடிவம் பிறக்குமாறு. ‘தெ’ என்பது, முடிவுற்ற செயலைக் காட்டும் ‘த்ஸு’ என்னும் பழைய துணைவினையின் ரென்யோ வடிவம் என்பர். நம் ‘செய்து’ என்பதிலும் தகரம் இறந்தகாலத்தைக் காட்டும். எனினும் “நாளை வந்து போவான்” என்னுமிடத்து வருதல் இறந்துபட்ட செயலன்று; பின்வரும் வினைக்கு முற்பட்டது, அவ்வளவே. ‘தெ’ வடிவமும் காலத்தை முற்றுவினையிடமே விட்டுவிடுகிறது.

வினைப்பகுதியோடு இத் ‘தெ’ சேருங்கால் நிகழும் திரிபுகள்தாம் மாணாக்கரை அச்சுறுத்துவன. ‘யொமு’ (படி) என்பது ‘யொந்தெ’ ஆகும்; ‘ஷிநு’ (இற) என்பது ‘ஷிந்தெ’ ஆகும்; ‘மத்ஸு’ (காத்திரு) என்பது ‘மத்தெ’ ஆகும்; ‘ககு’ (எழுது) என்பது ‘கைதெ’ ஆகும். பழங்காலத்தில் இவை ‘யொமிதெ’, ‘ககிதெ’ என ஒழுங்காகவே இருந்தன. வாய்வழக்கு அவற்றைத் தேய்த்துவிட்டது. மெல்லெழுத்தின்பின் வரும் தகரம் மெலிந்தொலித்தல் தமிழர்க்குப் புதிதன்று. ‘வந்து’ என்பதில் தகரத்தை யாவர் வலித்தொலிப்பர்? உண், நில், கேள் என்பன உண்டு, நின்று, கேட்டு என நிற்கும் திரிபுகளைத் தாய்மடியிலே கற்றவனுக்கு ‘யொந்தெ’ அரியதொன்றன்று.

ஆயினும் மிக்க சுவையுடைய பகுதி துணைவினைகளே. ‘மொத்ஸு’ என்பது கையிற் கொள்ளுதல். ‘குரு’ என்பது வருதல். ‘மொத்தெ குரு’ என்றால் கொண்டு வருதல். ‘இகு’ செல்லுதல், ‘மொத்தெ இகு’ கொண்டு போதல். ‘மிரு’ என்பது காண்டல். ‘தபெதெ மிரு’ என்பதற்குத் ‘தின்று பார்’ என்பதன்றி வேறு பொருள் கூறல் இயலாது. கண்ணாற் பார்க்கும் வினை, ஒன்றைச் செய்து சோதிக்கும் பொருளில் இரு மொழியிலும் வந்திருத்தல் காண்க. ‘ஒகு’ என்பது வைத்தல். ‘கைதெ ஒகு’ என்பது ‘எழுதி வை’. பிற்காலத்துக்கு உதவும் என்னுங் கருத்து இரண்டிலும் அடங்கும். ‘ஷிமவு’ என்பது எடுத்து ஒதுக்கி முடித்தல். ‘தபெதெ ஷிமவு’ என்பது ‘தின்று விடு’. கை தவறிக் கண்ணாடியை உடைத்தவன் “உடைத்துவிட்டேன்” என வருந்துமாறே ஜப்பானியனும் ஷிமவு சேர்த்து வருந்துவான்.

‘இரு’ என்னும் துணைவினையைக் கண்டு வியவாதார் இல்லை. அம்மொழியில் உயிருள்ளன இருத்தலை உணர்த்துஞ் சொல் ‘இரு’ என்பதே. “கிதெ இரு” என்றால் வந்திருக்கிறான் என்பது பொருள். “ஷிந்தெ இரு” என்றால் இறந்து கிடக்கிறான் என்பதே. இறந்துகொண்டிருக்கிறான் என்று ஆங்கில வழியால் மொழிபெயர்ப்பவன் இடர்ப்படுவான். ஆனால் “தபெதெ இரு” என்றால் உண்டுகொண்டிருக்கிறான் என்றாகும். நாம் ‘கொண்டு’ என்பதை இடையிட்டுப் பிரித்துக் காட்டும் இரு பொருளையும் அவர் ஒரே வடிவத்தால் உணர்த்தி, எது பொருள் என்பதை முதல்வினையின் இயல்பிற்கு விட்டுவிடுகின்றனர். அச்சொல்லின் பழைய உருவம் ‘விரு’. பழைய பொருள் உட்கார்தல். நம் ‘இரு’ என்பதற்கும் உட்கார்தற் பொருள் உண்டு.

இவ்விடத்திலேதான் நிதானம் வேண்டும். இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டே டோக்கியோவின் கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸுஸுமு ஓனோ (1919–2008), தமிழும் ஜப்பானியமும் உறவுடையன என்று வாதித்தார். இருமொழி ஒலியியைபு குறித்த அவர் நூல் 1980-இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவருக்குத் துணைநின்றனர். கமில் சுவெலபில் 1985-இல் அக்கொள்கையை ஆராய்ந்து எழுதினார். ஆயினும் மொழிநூலாரிற் பெரும்பாலோர் அவ்வுறவை ஒப்பவில்லை. எச்சத்தைக் கொண்டு உறவு நாட்டல் இயலாது என்பதே என் கருத்தும். வினையை வாக்கியத்தின் ஈற்றில் நிறுத்தும் மொழிகள் பலவற்றில் இவ்வமைப்பு உளது. கொரியம், மங்கோலியம், துருக்கி, சிங்களம், இந்தி ஆகியவற்றிலும் காணலாம். 1976-இல் காலின் மாசிக்கா இந்தியாவிலும் அதற்கப்பாலும் இவ்வெச்சம் பரவியுள்ள எல்லையை வரைந்து காட்டினார். ஒரே ஊரார் அனைவரும் குடை பிடித்திருப்பின் அவர் ஒரு குடும்பத்தார் என்பது முடிபாகாது. மழை பெய்கிறது என்பதே முடிபாகும்.

இரு மொழிக்கும் முதலில் இலக்கணம் வரைந்த ஐரோப்பியர் இயேசு சபைக் குருமாரே என்பதும் நினைக்கத்தக்கது. முத்துக்குளித்துறையில் உழைத்த அண்டிரீக்கு அடிகளார் 16-ஆம் நூற்றாண்டிலே தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் இலக்கணம் எழுதினார். ஜுவாவ் ரொட்ரீகஸ் என்பார் எழுதிய ஜப்பானிய இலக்கணம் 1604 முதல் 1608 வரையில் நாகசாக்கியில் அச்சாயிற்று. இருவரும் இலத்தீன் மரபாகிய சட்டகத்தைக் கொண்டே கீழ்நாட்டு மொழியை அளந்தனர்.

நிற்க. வேற்றுமைகளை மறைத்தல் நேர்மையன்று. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடிதல் தமிழ் நெறி. “அண்ணன் பாடித் தம்பி ஆடினான்” என்பது வழு. “அண்ணன் பாடத் தம்பி ஆடினான்” எனல் வேண்டும். கால் வழுக்கி விழுந்தான் எனச் சினைவினை முதலோடு முடிதலும், மழை பெய்து ஏரி நிறைந்தது எனக் காரணப்பொருளில் வருதலும் அமைத்துக்கொள்ளப்பட்டன. ஜப்பானியரோ “அனி கா உதத்தெ, ஒதோதொ கா ஒதொத்த” என்று தடையின்றிக் கூறுவர். அண்ணன் பாட, தம்பி ஆடினான் என்பது பொருள். நம் ‘செய்து’, ‘செய’ ஆகிய இரண்டின் வேலையையும் அங்குத் ‘தெ’ ஒன்றே பார்க்கிறது. தமிழறிவை நம்பிச் செல்லும் மாணவன் ஈண்டு விழிப்பாயிருத்தல் வேண்டும்.

கொடைவினைகளில் வேறொரு புதுமை உண்டு. பிறர் எனக்குச் செய்தால் ‘யொந்தெ குரெரு’. நான் பிறர்க்குச் செய்தால் ‘யொந்தெ அகெரு’ (இதிற் ககரம் ‘பாகல்’ என்பதிற்போல மெலியும்). இரண்டையும் ஆங்கிலர் ஒரே சொல்லால் மொழிபெயர்ப்பர். தொல்காப்பியரோ தருதல் தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடுத்தல் படர்க்கைக்கும் உரியன என்று வரையறுத்தார். மலையாளத்தார் அவ்வரையறையை இன்றும் பேச்சிற் காக்கின்றனர்; நாம்தாம் நெகிழவிட்டோம். “படித்துத் தந்தான்”, “படித்துக் கொடுத்தேன்” என்று அப்பழைய வேறுபாட்டை மீட்டுக்கொண்டால் குரெரு, அகெரு இரண்டும் எளிதில் மனத்தில் அமையும். முன்னிலைக்குக் கொடுப்பதை மட்டும் ஜப்பானியர் அகெருவிலே சேர்ப்பர். மூன்றாவதாகிய ‘யொந்தெ மொரவு’ என்பதற்கு நேரான தொடர் நம்மிடம் இல்லை. மொரவு என்பது பெறுதல். ‘படித்துப் பெற்றேன்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், படித்தவனும் பெற்றவனும் ஒருவனாகிவிடுவான். ஜப்பானியன் கருதுவதோ, மற்றொருவர் படிக்க, அந்த உதவியைத் தான் பெற்றான் என்பது.