கருக்கலைப்பு உரிமைக்கு ‘ஆம்’... ஓட்டு மட்டும் ட்ரம்ப்புக்கு! - அமெரிக்க வாக்காளர்களின் விநோதக் கணக்கு

2024 நவம்பர் 5. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், அதிபர் தேர்தலுக்கான வாக்குச்சீட்டிலேயே இன்னொரு கேள்வியும் இருந்தது. கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்க்கலாமா, வேண்டாமா? சுமார் 52 சதவிகிதம் பேர் ‘ஆம்’ என்றார்கள். அதே வாக்குச்சீட்டில் டொனால்டு ட்ரம்ப்புக்கு 58 சதவிகிதத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது.

இரண்டையும் கூட்டினால் 110 வருகிறது. அப்படியென்றால், பத்தில் ஒருவராவது இரண்டுக்கும் சேர்த்தே ஓட்டுப் போட்டிருக்க வேண்டும்! கருக்கலைப்பு உரிமையைப் பறித்த தீர்ப்பை எழுதிய நீதிபதிகளில் மூன்று பேரை நியமித்தவர் ட்ரம்ப். பிறகு எப்படி இது நடந்தது?

கட்சிகள் பிரிந்த கதை

இன்று குடியரசுக் கட்சி என்றால் கருக்கலைப்புக்கு எதிர்ப்பு, ஜனநாயகக் கட்சி என்றால் ஆதரவு. ஆனால், 50 ஆண்டுகளுக்கு முன்பு கோடு இவ்வளவு தெளிவாக இல்லை. 1967-ல் கலிஃபோர்னியாவில் கருக்கலைப்புக்கான தடைகளைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர், குடியரசுக் கட்சியின் ரொனால்டு ரீகன். 1973-ல் ‘ரோ எதிர் வேட்’ வழக்கில் கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது, ஆதரவாக நின்ற 7 நீதிபதிகளில் 5 பேர் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள்.

மதப்பற்று மிகுந்த வாக்காளர்களைத் திரட்டும் வேலை அதன் பிறகே வேகமெடுத்தது. 1980-ல் அதே ரீகன், கருக்கலைப்பை எதிர்க்கும் அதிபர் வேட்பாளராக நின்று வென்றார். ‘கருவைக் காப்பவருக்கே என் ஓட்டு’ என்று வேறு எதையும் பார்க்காமல் வாக்களிக்கும் ஒரு கூட்டம் உருவானது. 2016-ல் ட்ரம்ப்பின் பேச்சும் நடத்தையும் பிடிக்காத பல கிறிஸ்தவர்கள்கூட, அவர் நியமிக்கப்போகும் நீதிபதிகளுக்காகவே அவருக்கு ஓட்டுப் போட்டார்கள்.

2022-ல் தலைகீழ்!

2022 ஜூன் 24 அன்று ‘ரோ’ தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முடிவெடுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்குப் போனது. மிசௌரியில் அன்றைக்கே தடை அமலானது. பாலியல் வன்கொடுமையால் உண்டான கருவுக்கும் விலக்கு இல்லை. மருத்துவ அவசரம் மட்டுமே விதிவிலக்கு.

அதுவரை உரிமை கையில் இருந்ததால் அலட்டிக்கொள்ளாதவர்கள் விழித்துக்கொண்டார்கள். அந்த ஆகஸ்ட்டிலேயே, குடியரசுக் கட்சியின் கோட்டையான கேன்சஸ் மாநிலத்தில் கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தத்தை 59 சதவிகிதம் பேர் நிராகரித்தார்கள். நவம்பரில் மிச்சிகன் மக்கள் அந்த உரிமையை அரசியலமைப்பில் சேர்த்ததோடு, ஆளுநர் பதவியையும் சட்டமன்றத்தின் இரு அவைகளையும் ஜனநாயகக் கட்சியிடம் கொடுத்தார்கள். சுமார் 40 ஆண்டுகளில் அக்கட்சிக்கு இப்படியொரு வெற்றி அங்கே கிடைத்ததில்லை.

‘கருக்கலைப்பு விஷயத்தில் என் கருத்தோடு ஒத்துப்போகும் வேட்பாளருக்கு மட்டுமே ஓட்டு’ என்று சொல்பவர்கள் 2024-ல் 32 சதவிகிதம் என்றது காலப் நிறுவனத்தின் ஆய்வு. அது அதுவரை பதிவானதில் மிக அதிகம்.

பிறகு ஏன் ஹாரிஸ் தோற்றார்?

சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், கருக்கலைப்பு உரிமையைத் தன் பிரசாரத்தின் மையமாகவே வைத்திருந்தார். அந்த 32 சதவிகிதத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். மீதிப் பேரில் பெரும்பாலானோருக்கு கருக்கலைப்பு பல விஷயங்களில் ஒன்று, அல்லது பெரிய விஷயமே இல்லை. மளிகை விலை, வீட்டு வாடகை, எல்லை தாண்டி வரும் குடியேறிகள் என்று அவர்களின் பட்டியல் நீளம்.

இதை ட்ரம்ப்பும் புரிந்துவைத்திருந்தார். ‘இது மாநிலங்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், நாடு முழுவதற்குமான தடைச் சட்டத்தில் கையெழுத்திட மாட்டேன்’ என்று தேர்தலுக்கு முன்பே சொல்லிவிட்டார். உரிமையைத் தனிக் கேள்வியாகக் கேட்டதும் வாக்காளருக்கு வசதியானது. உரிமையை ஒரு கட்டத்தில் காப்பாற்றிவிட்டு, கட்சியை இன்னொரு கட்டத்தில் தேர்ந்தெடுக்கலாம்! அரிஸோனா, நெவாடா, மொன்டானா மாநிலங்களிலும் அதேதான் நடந்தது. உரிமையும் ஜெயித்தது, ட்ரம்ப்பும் ஜெயித்தார்.

நம்பிக்கையும் ஓட்டும் ஒரே கோட்டில் போகும் என்று நினைப்பதும் தவறுதான். கத்தோலிக்கத் திருச்சபை கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்க்கிறது. ஆனால், அமெரிக்கக் கத்தோலிக்கர்களில் பத்தில் ஆறு பேர், பெரும்பாலான சூழ்நிலைகளில் அது சட்டபூர்வமாக இருக்கலாம் என்கிறார்கள்.

இரண்டு ஓட்டுகளும் மோதினால்?

ஓட்டைப் பிரித்துப் போடுவது சுலபம். விளைவு அப்படிப் பிரிந்து நிற்பதில்லை. ஃப்ளோரிடாவில் 57 சதவிகிதம் பேர் கருக்கலைப்பு உரிமைக்கு வாக்களித்தும் அது தோற்றது. அங்கே 60 சதவிகிதம் தேவை. ஆறு வாரங்களுக்குப் பிறகு கருக்கலைப்பு கூடாது என்ற சட்டமே அங்கு நீடித்தது.

மிசௌரியில் உரிமை ஜெயித்தது. ஆனால், அதே மக்கள் தேர்ந்தெடுத்த, குடியரசுக் கட்சி பெரும்பான்மை கொண்ட சட்டமன்றம் 2025 மே மாதம் ஒரு முடிவெடுத்தது. 2024-ல் மக்கள் சேர்த்த திருத்தத்தை நீக்கலாமா என்று மக்களிடமே மறுபடியும் கேட்பது என்பதுதான் அது. கருவை ஓர் உயிராகவே பார்ப்பவர்களுக்கு இது மனசாட்சிப்படி நடந்துகொள்ளும் நியாயம். ‘ஆம்’ என்று சொன்னவர்களுக்கோ, முடிந்த கேள்வி திரும்பி வந்த அதிர்ச்சி.

இரண்டுக்கும் சேர்த்து ஓட்டுப் போட்ட அந்தப் பத்தில் ஒருவருக்குத்தான் இப்போது நெருக்கடி. அவர் ‘ஆம்’ என்றது ஒரு சட்டத்துக்கு. அந்தச் சட்டம் நிலைக்குமா என்று தீர்மானிக்கும் இடத்தில் உட்கார வைத்ததும் அவருடைய இன்னொரு ஓட்டுதான்!