தாலின் நகரின் மதில்களுக்குள்ளே

ஒரு நகரின் பழமையைக் காப்பது எது? செல்வமே என்று உடனே விடை கூறத் தோன்றும். பால்டிக் கடற்கரையில் எஸ்தோனியாவின் தலைநகராக விளங்கும் தாலினைக் கண்டவர், அவ்விடையைச் சற்றே மாற்றிக்கொள்வர்.

அதன் பழைய நகரைக் கால்நடையாகவே காணல் வேண்டும். தூம்பெயா என்னும் குன்றின்மேல் ஆட்சியாளரும் பிரபுக்களும் ஆயரும் வாழ்ந்தனர். அடிவாரத்தில் வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்தனர். இரு சாராரிடையேயும் பிணக்குகள் பல. 'நெடுங்கால்', 'குறுங்கால்' என்று பொருள்படும் பெயர்களையுடைய இரு பாதைகள் மேலையும் கீழையும் இணைக்கின்றன. அவற்றின் வாயிற் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன.

கீழ் நகரின் நடுவே சந்தைச் சதுக்கம் உளது. அங்குள்ள நகர மண்டபம் 1404ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதே சதுக்கத்திலுள்ள மருந்துச்சாலை 1422ஆம் ஆண்டின் ஏடுகளிலேயே குறிக்கப்பட்டுள்ளது. சுற்றிலும் உயர்ந்த கூரை முகடுகளையுடைய வணிகர் இல்லங்கள். அவற்றின் மேல்மாடிகளே பண்டகசாலைகள். முகப்பின் உச்சியில் நீண்டிருக்கும் உத்திரத்திற் கயிறு பூட்டிப் பண்டங்களை மேலேற்றினர். மேற்கேயிருந்து உப்பும் துணியும் வந்தன. கிழக்கே நொவ்கொரொட்டிலிருந்து மென்மயிர்த் தோலும் மெழுகும் வந்தன. ஹன்சா வணிகக் கூட்டணியில் இடம்பெற்ற இந்நகர், இவ்விரு திசைகளுக்கும் இடைவாயிலாக இருந்து செழித்தது.

1558இல் தொடங்கிய லிவோனியப் போருக்குப் பின் அவ்வாணிபம் நலிந்தது. பழையதை இடித்துப் புதிய மாளிகைகளை எழுப்புதற்கு முன்போற் பொருளில்லை. ஆகவே, பழைய வீடுகள் பலவும் நிலைத்தன. செல்வம் கட்டியதை வறுமை காத்தது எனலாம்.

ஆயினும் வறுமையின் காவல் என்றைக்கும் போதியதன்று. 1944 மார்ச் 9ஆம் நாளிரவு சோவியத் விமானங்கள் குண்டுமாரி பொழிந்தன. நிகுலிஸ்தே தேவாலயம் தீக்கிரையாயிற்று. அதன் கலைச்செல்வங்களுட் பெரும்பாலானவை முன்னரே அப்புறப்படுத்தப்பட்டிருந்தமையால் தப்பின. அக்கட்டடமும் பின்னர் புதுப்பிக்கப்பட்டு, 1984இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. 1966இல் பழைய நகர் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1997இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இன்று அங்கே ஏறத்தாழ 2 கிலோமீற்றர் நீள மதிலும், இருபதுக்கு மேற்பட்ட கோபுரங்களும் எஞ்சியுள்ளன. அவற்றைக் காணச் செல்பவர் கல்லின் உறுதியை மட்டும் வியந்து திரும்பலாகாது. காலத்தின் போக்கிலே தற்செயலாகத் தப்பியதை, பின்வந்தோர் அறிந்தே காத்தனர். தாலின் நமக்குப் புகட்டும் பாடம் அதுவே.