பெரிதாக வளரும் தொட்டி மீன்கள்

பெரிதாக வளரும் தொட்டி மீன்கள் என்பவை, சிறு குஞ்சுகளாக விற்கப்பட்டு, ஓரிரு ஆண்டுகளில் வழக்கமான வீட்டு மீன் தொட்டியில் வாழ இயலாத அளவுக்கு வளர்ந்துவிடும் அலங்கார மீன்கள் ஆகும். ஆஸ்கர், சக்கர் மீன், பங்காசியஸ் கெளுத்தி, செவ்வால் கெளுத்தி, அரோவானா, பெருங்கோராமி, பாக்கு ஆகியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. கடையில் 5 முதல் 8 செ.மீ. நீளமே உள்ள இம்மீன்களுள் சில, முழு வளர்ச்சியில் ஒரு மீட்டரைத் தாண்டுகின்றன. எனவே தொட்டியின் அளவை, வாங்கும்போது உள்ள குஞ்சின் அளவைக் கொண்டு அல்லாமல், முதிர்ந்த மீனின் அளவைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். அவ்வாறு செய்யாதபோது மீனின் நலம் கெடுவதுடன், அது ஆறு குளங்களில் விடப்பட்டு உள்நாட்டு மீன்களுக்குக் கேடு விளைவிக்கும் வாய்ப்பும் ஏற்படுகிறது.

## முக்கிய இனங்கள்

சென்னையின் கொளத்தூர், இந்தியாவின் முதன்மையான அலங்கார மீன் வணிக மையங்களுள் ஒன்றாகும். இத்தகைய சந்தைகளில் கிடைக்கும் பெரிதாக வளரும் மீன்கள் சில பின்வருமாறு:

* ஆஸ்கர்: தென் அமெரிக்காவின் அமேசான் வடிநிலத்தைச் சேர்ந்த சிக்லிட் குடும்ப மீன். தொட்டிகளில் பொதுவாக 30 முதல் 35 செ.மீ. வரை வளரும். முதலாண்டில் மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.5 செ.மீ. வளரக்கூடியது. பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழும்.
* சக்கர் மீன்: இதுவும் தென் அமெரிக்க மீனே. "தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்" என்று கூறி விற்கப்படுகிறது. 40 முதல் 50 செ.மீ. வரை வளரும். பாசியை உண்டாலும் மிகுதியான கழிவை வெளியேற்றுவதால், பெரிதான பின் இது தொட்டியைச் சுத்தப்படுத்துவதைவிட அசுத்தப்படுத்துவதே அதிகம்.
* பங்காசியஸ் கெளுத்தி: கடைகளில் "ஷார்க்" என்று அழைக்கப்பட்டாலும் இது சுறா அன்று. மேக்கொங், சாவோ பிரயா ஆறுகளைச் சேர்ந்த இம்மீன் 130 செ.மீ. நீளமும் 44 கிலோகிராம் எடையும் வரை வளர்ந்ததாகப் பதிவுகள் உள்ளன. கூட்டமாக நீந்தும் இயல்புடையது. உணவுக்காகப் பெருமளவில் பண்ணைகளில் வளர்க்கப்படும் இது, இயற்கை வாழிடத்தில் அழியும் தறுவாயில் உள்ள இனமாக இயற்கைப் பாதுகாப்பிற்கான பன்னாட்டு ஒன்றியத்தால் வகைப்படுத்தப்பட்டுள்ளது.
* செவ்வால் கெளுத்தி: அமேசான், ஒரினோகோ, எசக்கிபோ ஆற்றுப் பகுதிகளைச் சேர்ந்தது. 130 செ.மீ. வரை வளரும். வாயில் அடங்கும் எந்த மீனையும் விழுங்கிவிடும்.
* வெள்ளி அரோவானா: நீர்ப்பரப்பில் நீந்தும் தென் அமெரிக்க மீன். 90 செ.மீ. வரை வளரும். நீரிலிருந்து துள்ளிக் குதிக்கும் இயல்பு உடையதால் தொட்டிக்குக் கனமான மூடி தேவை.
* பெருங்கோராமி: தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது. 70 செ.மீ. வரை வளரும்.
* பாக்கு: பிரானா மீனின் நெருங்கிய உறவினம். 80 செ.மீ.க்கு மேல் வளரக்கூடியது. இந்திய உணவு மீன் சந்தைகளில் "ரூப்சந்த்" என்ற பெயரில் விற்கப்படுகிறது.

## நீளமும் எடையும்

மீனின் நீளம் இரு மடங்காகும்போது, அதன் அகலமும் உயரமும் கூட ஏறத்தாழ இரு மடங்காகின்றன. ஆகவே உடலின் எடை எட்டு மடங்காகிறது. 5 செ.மீ. நீளமுள்ள ஆஸ்கர் குஞ்சு 30 செ.மீ. ஆக வளரும்போது நீளம் 6 மடங்கே கூடுகிறது. எடையோ ஏறத்தாழ 216 மடங்கு (6 × 6 × 6) கூடுகிறது. உணவின் தேவை, ஆக்சிசன் தேவை, கழிவு ஆகியவை எடையைச் சார்ந்தே அமைகின்றன.

"ஒரு காலன் நீருக்கு ஓர் அங்குல மீன்" என்ற பழைய கணக்கு பெரிய மீன்களுக்குப் பொருந்தாமைக்கு இதுவே காரணம். ஓர் அங்குல நீளமுள்ள 12 சிறு மீன்களும், 12 அங்குல நீளமுள்ள ஒரு மீனும் இக்கணக்கின்படி சமம். ஆனால் ஒரே உடல் வடிவம் கொண்டவை எனக் கொண்டால், அந்த ஒரு மீனின் எடை 12 சிறு மீன்களின் மொத்த எடையைப் போல 144 மடங்கு ஆகும். பெரிய மீன் தன் எடையின் ஒவ்வொரு கிராமுக்கும் சிறிய மீனைவிடக் குறைவாகவே ஆக்சிசனைப் பயன்படுத்துகிறது. ஆகையால் கழிவு அதே 144 மடங்கு பெருகுவதில்லை. எனினும் பன்மடங்கு பெருகுகிறது.

## "தொட்டிக்கு ஏற்பவே மீன் வளரும்" என்னும் நம்பிக்கை

சிறிய தொட்டியில் விட்டால் மீன் அதற்குத் தக்க அளவோடு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் என்ற கருத்து பரவலாக உள்ளது. இது தவறான புரிதலாகும். சிறிய தொட்டியில் சில மீன்கள் குறைவாக வளர்வது உண்மையே. ஆனால் அது மீன் தன்னைத் தகவமைத்துக்கொள்வதால் நிகழ்வதன்று. தேங்கும் கழிவு, ஆக்சிசன் குறைவு, இட நெருக்கடியால் ஏற்படும் தொடர் மன அழுத்தம், போதாத உணவு ஆகியவற்றால் வளர்ச்சி தடைப்படுவதே காரணம். இது வளர்ச்சிக் குன்றல் எனப்படும்.

இவ்வாறு குன்றிய மீன்களில் வளைந்த முதுகெலும்பு, சிதைந்த துடுப்புகள், நோய் எதிர்ப்பாற்றல் குறைவு ஆகியவை காணப்படுகின்றன. பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய மீன் ஓரிரு ஆண்டுகளில் இறந்துவிடுவதும் உண்டு. குறைந்த காலமே உயிர் வாழ்ந்ததால், "இம்மீன் இவ்வளவுதான் வளரும்" என்ற நம்பிக்கை மேலும் வலுப்பெற்றுவிடுகிறது.

## கழிவும் நீரின் தரமும்

மீன்கள் அமோனியாவைப் பெரும்பாலும் செவுள்கள் வழியே நீரில் வெளியேற்றுகின்றன. எஞ்சிய உணவும் மலமும் சிதையும்போதும் அமோனியா உண்டாகிறது. இது மீன்களுக்கு நஞ்சாகும். வடிகட்டியில் வாழும் நைட்ரோசோமோனாசு போன்ற நுண்ணுயிரிகள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரோசுபைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. நைட்ரேட்டு அவற்றைவிடத் தீங்கு குறைந்தது. எனினும் தேங்கிவிடாமல் நீரை மாற்றி அகற்ற வேண்டும். புதிய தொட்டியில் இந்நுண்ணுயிரிகள் போதிய அளவு பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

நீர் வெப்பமாகவும் காரத்தன்மை மிக்கதாகவும் இருக்கும்போது அமோனியாவின் நச்சு வடிவம் கூடுகிறது. வெப்பம் கூடக் கூட நீரில் கரையும் ஆக்சிசனோ குறைகிறது. 25 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிசன் கரையும். 30 பாகையில் அது 7.6 மில்லிகிராமாகக் குறைகிறது. எனவே தமிழ்நாடு போன்ற வெப்பப் பகுதிகளில் கோடைக்காலமும் மின்தடையும் சேரும்போது, நெரிசலான தொட்டியில் உள்ள பெரிய மீன்களே எளிதில் பாதிக்கப்படுகின்றன.

## தொட்டியின் அளவைக் கணித்தல்

தொட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் செ.மீ. அளவில் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் கொள்ளளவு லிட்டரில் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 60 × 30 × 30 செ.மீ. அளவுள்ள இரண்டடித் தொட்டியின் கொள்ளளவு 54 லிட்டர் ஆகும். 120 × 45 × 60 செ.மீ. அளவுள்ள நான்கடித் தொட்டியின் கொள்ளளவு 324 லிட்டர் ஆகும்.

கொள்ளளவு மட்டும் போதாது. தொட்டியின் வடிவமும் முக்கியமானது. மீன் உடலை வளைக்காமல் திரும்ப, தொட்டியின் அகலம் குறைந்தது முதிர்ந்த மீனின் நீளம் அளவாவது இருக்க வேண்டும். தொட்டியின் நீளம் மீனின் நீளத்தைப் போல நான்கு மடங்கு இருப்பது நன்று. ஒரு தனி ஆஸ்கருக்கு மேற்கூறிய நான்கடித் தொட்டி இவ்வளவுகளை நிறைவு செய்கிறது. உயரமான, குறுகிய தொட்டியைவிட அகன்ற தொட்டியே சிறந்தது. ஏனெனில் காற்றிலிருந்து ஆக்சிசன் நீரின் மேற்பரப்பு வழியே கரைகிறது.

இதே கணக்கை 120 செ.மீ. நீளமுள்ள செவ்வால் கெளுத்திக்குப் பயன்படுத்தினால், 480 செ.மீ. நீளமும் 120 செ.மீ. அகலமும் தேவைப்படுகின்றன. நீரின் ஆழம் 90 செ.மீ. எனக் கொண்டால் கொள்ளளவு 5,184 லிட்டர் ஆகிறது. இது தொட்டி என்பதைவிடக் குளம் எனத் தகும். பெரும்பாலான வீடுகளில் இம்மீனை வளர்க்க இயலாது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

## எடையும் அமைவிடமும்

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம் ஆகும். 180 × 60 × 60 செ.மீ. அளவுள்ள ஆறடித் தொட்டியில் நீர் மட்டுமே 648 கிலோகிராம் இருக்கும். கண்ணாடி, மணல், தாங்கி ஆகியவற்றின் எடை தனி. நீரின் எடை மட்டும் தொட்டியின் அடிப்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 600 கிலோகிராம் ஆகிறது. இந்தியத் தரக் குறியீட்டின்படி குடியிருப்பு அறைகளின் தளங்கள் ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோகிராம் பயன்பாட்டுச் சுமைக்கு வடிவமைக்கப்படுகின்றன. எனவே மாடி வீடுகளில் இத்தகைய தொட்டியை வைக்கும் முன் கட்டுமானப் பொறியாளரின் கருத்தைப் பெறுதல் வேண்டும்.

கண்ணாடியின் மீதான நீரழுத்தம் ஆழத்தைச் சார்ந்தது. மேற்கூறிய தொட்டியின் முன்பக்கக் கண்ணாடி மீது மட்டும் ஏறத்தாழ 320 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை செயற்படுகிறது. நீளம் மாறாமல் உயரம் இரு மடங்கானால் இவ்விசை நான்கு மடங்காகும். ஆகவே கண்ணாடியின் தடிமனை முடிவு செய்வதில் உயரமே முதன்மையானது.

## பராமரிப்பு

* வடிகட்டி: பெரிய மீன்களுக்கு, தொட்டியின் நீர் முழுவதையும் மணிக்கு ஐந்து முறையேனும் சுழற்றும் வடிகட்டி பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. 324 லிட்டர் தொட்டிக்கு இது மணிக்கு ஏறத்தாழ 1,600 லிட்டர் ஆகும். மின்தடையின்போது மின்கலத்தில் இயங்கும் காற்றுக் குழாய் உதவும்.
* நீர் மாற்றம்: வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றுவது வழக்கம். ஆறடித் தொட்டிக்கு இது 162 லிட்டர் ஆகும். இந்திய நகரங்களில் ஒருவரின் ஒரு நாள் நீர்த் தேவைக்கான திட்ட அளவு 135 லிட்டர் என்பதோடு இதை ஒப்பிடலாம். குளோரின் கலந்த குழாய் நீரை, சோடியம் தயோசல்பேட்டு போன்ற குளோரின் நீக்கி சேர்த்த பின்னரே தொட்டியில் ஊற்ற வேண்டும். மாற்றிய நீரைச் செடிகளுக்குப் பயன்படுத்தலாம்.
* உணவு: சில நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே இட வேண்டும். எஞ்சிய உணவை அகற்ற வேண்டும்.

## நீர்நிலைகளில் விடுவதால் ஏற்படும் தீங்கு

தொட்டியில் அடங்காத மீனை இரக்கத்தின் பேரில் ஆற்றிலோ ஏரியிலோ கோயில் குளத்திலோ விடுவோர் உண்டு. இதனால் அம்மீன் இறந்துபோகலாம். பிழைத்துக்கொண்டால் தீங்கு இன்னும் பெரிது. சக்கர் மீன்கள் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களின் நீர்நிலைகளிலும் இலங்கையிலும் பரவியுள்ளன. இவை முட்டையிடுவதற்குக் கரைகளைக் குடைகின்றன. இவற்றின் முள் போன்ற துடுப்புகளும் கடினமான தோலும் மீனவர்களின் வலைகளைக் கிழிக்கின்றன. இவற்றுக்குச் சந்தையில் விலையும் இல்லை.

2018 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் கேரளத்தில் ஏற்பட்ட பெருவெள்ளத்திற்குப் பின், வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அரபைமா, அலிகேட்டர் கார் ஆகிய அயல்நாட்டுப் பெருமீன்கள் அம்மாநில ஆறுகளில் பிடிபட்டன. உரிமையாளர் திட்டமிட்டு விடாவிட்டாலும், திறந்த குளங்களில் வளர்க்கப்படும் மீன்கள் வெள்ளத்தில் வெளியேறக்கூடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

## மாற்று வழிகள்

வாங்கும் முன்பே இனத்தின் பெயரையும் முதிர்ந்த அளவையும் வாழ்நாளையும் அறிந்துகொள்வதே சிறந்த வழியாகும். "இப்போது சிறிய தொட்டி, பின்னர் பெரிய தொட்டி" என்ற திட்டம் பல நேரங்களில் நிறைவேறுவதில்லை. மீனின் வளர்ச்சியோ காத்திருப்பதில்லை. 54 லிட்டர் அளவுள்ள தொட்டிக்கு கப்பி, நியான் டெட்ரா போன்ற சிறு மீன்கள் ஏற்றவை.

ஏற்கெனவே வளர்ந்துவிட்ட மீனை, பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ வாங்கிய கடையிலோ ஒப்படைக்கலாம். பொதுக் காட்சியகங்களில் இடம் குறைவாகையால் அவை எப்போதும் ஏற்றுக்கொள்வதில்லை. எவ்வழியும் இல்லாதபோது கால்நடை மருத்துவரின் அறிவுரையைப் பெறலாம். எந்நிலையிலும் மீனை இயற்கை நீர்நிலையில் விடலாகாது.