குழம்பு உலையில் வாயு–திரவ நிறைப் பரிமாற்றம்

குழம்பு உலையில் வாயு–திரவ நிறைப் பரிமாற்றம் என்பது, பாலிமர் உலைக்குள் குமிழிகளாகச் செலுத்தப்படும் வாயு, அங்குள்ள திரவத்தில் கரையும் நிகழ்வாகும். கரைந்த வாயுவே திரவத்தில் மிதக்கும் வினையூக்கித் துகள்களை அடைந்து பாலிமராக மாறும். உயர் அடர்த்தி பாலிஎத்திலீன் தயாரிப்பு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. உத்திரமேரூர் போன்ற ஊரகப் பகுதிகளில் குடிநீருக்காக மண்ணில் பதிக்கப்படும் கருநிறக் குழாய்கள் இந்தப் பொருளால் ஆனவை. ஆலையின் உற்பத்தி அளவு மட்டுமின்றி, குழாயின் ஆயுளும் இந்நிகழ்வைச் சார்ந்துள்ளது.

பின்னணி

1953-இல் ஜெர்மனியின் முல்ஹைம் நகரில் கார்ல் சீக்லர், குறைந்த அழுத்தத்திலேயே எத்திலீனைப் பாலிமராக்கும் வினையூக்கியைக் கண்டறிந்தார். இவருக்கும் இத்தாலியின் ஜூலியோ நாட்டாவுக்கும் 1963-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்தியாவில் பாதா (உத்தரப் பிரதேசம்), ஹால்தியா (மேற்கு வங்கம்), பானிப்பட் (ஹரியானா) ஆகிய இடங்களில் உள்ள ஆலைகளில் குழம்பு முறையில் உயர் அடர்த்தி பாலிஎத்திலீன் தயாரிக்கப்படுகிறது.

உலையின் அமைப்பு

கலக்கி பொருத்திய உலையில் ஹெக்சேன் போன்ற திரவம் இருக்கும். வெப்பநிலை ஏறத்தாழ 75 முதல் 85 டிகிரி செல்சியஸ். அழுத்தம் 5 முதல் 10 பார். எத்திலீன் குமிழிகளாக உள்ளே வரும். உருவாகும் பாலிமர் ஹெக்சேனில் கரையாமல், வினையூக்கித் துகளைச் சுற்றி வளர்ந்து தூளாக மிதக்கும். இதனால் உலையின் உள்ளடக்கம் நீர்த்த மாவுக் கரைசல் போலத் தோன்றும்.

பரிமாற்றத்தின் படிகள்

1. எத்திலீன் குமிழியின் பரப்பை அடைதல்
2. குமிழியைச் சுற்றியுள்ள மெல்லிய திரவப் படலத்தைக் கடந்து கரைதல்
3. திரவத்திலிருந்து துகளின் பரப்பை அடைதல்
4. துகளின் உட்புறம் விரவுதல்
5. வினையூக்கியின் செயல் மையத்தில் சங்கிலியுடன் இணைதல்

இவை அடுத்தடுத்து நிகழ்வதால், மிக மெதுவான படியே மொத்த வேகத்தையும் கட்டுப்படுத்தும். அரைவை ஆலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நெல் வண்டிகள் வந்து சேரும் வேகத்துக்கு மேல் அரிசி கிடைக்காது. அதுபோல, இரண்டாம் படி மெதுவாக இருந்தால் வினையூக்கியைக் கூட்டுவதால் பெரும்பயன் இல்லை.

கணிதத் தொடர்பு

பரிமாற்ற வீதம் = குணகம் × தொடு பரப்பு × (நிறைவுச் செறிவு − திரவத்தில் உள்ள செறிவு)

நிறைவுச் செறிவை ஹென்றி விதி தரும். அழுத்தம் கூடினால் அதுவும் கூடும். தொடு பரப்பு குமிழியின் விட்டத்தைப் பொறுத்தது. ஒரு கன மீட்டர் வாயுவை 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழிகளாக்கினால் மொத்தப் பரப்பு 1,000 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ 25 சென்ட் நிலம். விட்டம் 3 மில்லிமீட்டரானால் பரப்பு 50 சென்ட் ஆகிவிடும்.

எடுத்துக்காட்டாக, மொத்தத் தடை 10 பங்கு. அதில் 8 பங்கு திரவப் படலத்திலும் 2 பங்கு வினையூக்கியின் பக்கத்திலும் இருப்பதாகக் கொள்வோம். வினையூக்கியை இரு மடங்காக்கினால் தடை 8 + 1 = 9 ஆகும்; வேகம் 11 விழுக்காடு மட்டுமே உயரும். குமிழியின் விட்டத்தைப் பாதியாக்கினால் தடை 4 + 2 = 6; வேகம் 67 விழுக்காடு உயரும்.

எந்தப் படி தடையாக உள்ளது என்பதை அறிய, கலக்கியின் வேகத்தை மாற்றிப் பார்ப்பது வழக்கம். அதனுடன் உற்பத்தியும் மாறினால், தடை பெரும்பாலும் குமிழியின் பக்கத்தில் உள்ளது. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் பி. ஏ. ராமச்சந்திரனும் ஆர். வி. சௌதரியும் மூன்று நிலைமை வினையூக்கி உலைகளைப் பற்றி 1983-இல் வெளியிட்ட ஆங்கில நூல் இத்துறையில் குறிப்பிடத்தக்கது.

வரம்புகள்

கலக்கும் வேகத்தை இரட்டிப்பாக்கினால், கொந்தளிப்பான ஓட்டத்தில் மின்திறன் தேவை ஏறத்தாழ எட்டு மடங்காகும். தூளின் அளவு மிகும்போது குழம்பு தடித்து, குமிழிகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகி, தொடு பரப்பு குறையும்.

வெப்பமும் ஒரு வரம்பு. ஒரு கிலோ எத்திலீன் பாலிமராகும்போது ஏறத்தாழ 3,400 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். இது 30 டிகிரியில் உள்ள சுமார் 11 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இவ்வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிட்டால் தூள் மென்மையாகி, உலைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

ஹைட்ரஜனும் குழாயின் தரமும்

பாலிமர் சங்கிலியின் நீளத்தைக் கட்டுப்படுத்த ஹைட்ரஜன் சேர்க்கப்படுகிறது. இது மிகுந்தால் சங்கிலிகள் குட்டையாகும். ஹெக்சேனில் ஹைட்ரஜன் எத்திலீனைவிட மிகக் குறைவாகவே கரையும். எனவே துகளுக்கு அருகில் உள்ள இரு வாயுக்களின் விகிதமே தரத்தைத் தீர்மானிக்கிறது. உலைக்குள் செலுத்தப்பட்ட விகிதம் அப்படியே துகளை எட்டுவதில்லை.

குழாய்த் தரப் பாலிமருக்குக் குட்டைச் சங்கிலிகளும் நீண்ட சங்கிலிகளும் தேவை. அதற்காகத் தொடராக அமைந்த உலைகளில், முதலாவதில் ஹைட்ரஜன் மிகுதியாகவும் அடுத்ததில் குறைவாகவும் வைக்கப்படும். இடையில் அழுத்தத்தைக் குறைத்து, கரைந்த ஹைட்ரஜன் வெளியேற்றப்படும். இது திரவத்திலிருந்து வாயுவுக்கு, எதிர்த்திசையில் நிகழும் நிறைப் பரிமாற்றமாகும். ஹைட்ரஜன் சரியாக நீங்காவிட்டால் அடுத்த உலையில் போதிய நீளமுள்ள சங்கிலிகள் உருவாகா. குழாய் நாளடைவில் விரிசல் காணும். பி.இ. 100 வகைக் குழாய்ப் பொருள், 20 டிகிரியில் 50 ஆண்டுகள் தொடர் அழுத்தத்தைத் தாங்கும் வலிமையை அடிப்படையாகக் கொண்டு வகைப்படுத்தப்படுகிறது.

மாற்று முறை

ஐசோபியூட்டேன் சுழலும் வளைய உலையில், உயர் அழுத்தத்தில் எத்திலீன் முழுவதும் திரவத்தில் கரைந்தே இருக்கும். அங்கே குமிழிகள் இல்லை. அதனால் வாயு–திரவத் தடையும் இல்லை. துகளைச் சார்ந்த தடைகள் மட்டும் எஞ்சும்.