மலைப்பாதையும் தானியங்கி கியர் வாகனங்களும்

கண்டி நகரிலிருந்து எத்திசையில் புறப்பட்டாலும் சற்று நேரத்தில் ஏற்றத்தையோ இறக்கத்தையோ சந்தித்தேயாக வேண்டும். கொழும்பு வீதியில் கடுகண்ணாவை, நுவரெலியா வீதியில் றம்பொடை, மகியங்கனை வீதியில் பதினெட்டு வளைவுகள் ஆகிய யாவும் எஞ்சினையும் பிரேக்கையும் ஒருங்கே சோதிப்பவை. நகருக்குள்ளோ பேராதனை வீதியிலும் கட்டுகஸ்தோட்டை வீதியிலும் நெரிசலில் ஊர்ந்து செல்ல வேண்டியுள்ளது. கிளச்சை மிதித்துக் கால் சோர்ந்தவர்கள் தானியங்கி கியர் வாகனங்களை நாடுவதில் வியப்பில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டதையடுத்து இத்தெரிவு பல குடும்பங்களின் முன் மீண்டும் வந்துள்ளது. எனினும், ஓட்டோ கியர் என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை யாவும் ஒரே வகைப் பொறிமுறை கொண்டவை அல்ல என்பதை நாம் இங்கு சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

இவற்றுள் மூத்தது டோர்க் கன்வேர்ட்டர் வகை. அமெரிக்காவில் 1940களிலேயே பரவத் தொடங்கிய இம்முறையில், எஞ்சினின் சுழற்சி எண்ணெயின் ஊடாகப் பற்சில்லுகளுக்குக் கடத்தப்படுகின்றது. உராயும் கிளச் இடையில் இல்லாததால், ஏற்றத்தில் நின்று புறப்படும்போது தேய்மானம் குறைவு. எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். ஆனால் மலைநாட்டுக்கு உறுதியானது.

இரண்டாவது சீ.வீ.ரி. எனப்படுவது. இதில் படிப்படியான கியர்கள் இல்லை. விட்டம் மாறும் இரு கப்பிகளுக்கு இடையே உருக்குப் பட்டியொன்று ஓடுகின்றது. ஜப்பானியச் சிறு கார்கள் பலவற்றில் இருப்பது இதுவே. ஓட்டம் மென்மையானது, எரிபொருளும் மிச்சமாகும். ஆயினும் நிறைந்த சுமையுடன் நீண்ட ஏற்றம் ஏறுகையில் எண்ணெய் சூடேறும். உரிய எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் பட்டியும் கப்பியும் கெடும். திருத்தச் செலவோ பெருந்தொகை.

மூன்றாவது இரட்டைக் கிளச் முறை. ஒரு கிளச் இயங்கும்போதே மற்றையது அடுத்த கியரை ஆயத்தமாக வைத்திருக்கும். 2013 இல் வந்த ஹொண்டா ஃபிட், வெசல் ஹைபிரிட் கார்களில் இம்முறையே அமைந்தது. கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்துவதற்காக அவை ஜப்பானில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவைகள் திருப்பி அழைக்கப்பட்டன. எண்ணெயில் நனையாத உலர் கிளச் கொண்ட வாகனத்தை ஏற்ற நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்துவது அதைச் சூடாக்கும் செயலாகும்.

நான்காவது ஏ.எம்.ரி. இது வழமையான கியர்ப்பெட்டிதான். கிளச்சை இயக்குவதையும் கியரை மாற்றுவதையும் கருவியொன்று செய்கின்றது. இந்தியாவில் 2014 இல் மாருதி செலேரியோ மூலம் இது பரவலாயிற்று. விலையும் பராமரிப்புச் செலவும் குறைவு. ஆனால் சரிவில் பிரேக்கை விட்டதும் வாகனம் பின்வாங்கக்கூடும். கைப்பிரேக்கின் துணை தேவைப்படும்.

டொயோட்டா பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களிலும் சீ.வீ.ரி. என்ற பெயர் வழங்கினாலும் அவற்றில் பட்டி கிடையாது. மையப் பற்சில்லைச் சுற்றிவரும் பற்சில்லுகளும் இரு மின்மோட்டார்களுமே வேலையைப் பகிர்கின்றன. தேயும் பாகங்கள் குறைவு என்பது இதன் சிறப்பு.

ஏற்றம் பணத்தைச் சோதிக்கின்றது என்றால் இறக்கம் உயிரைச் சோதிக்கின்றது. கியரை 'டி'யில் விட்டுவிட்டு இறங்கும்போது பல வாகனங்கள் உயர் கியருக்கே மாறிக்கொள்வதால் எஞ்சினின் தடுப்பு குறைந்துவிடும். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் அது சூடேறிப் பிடியை இழக்கும். பிரேக் எண்ணெய் கொதித்தால் மிதி வெறுமையாக இறங்கும். எனவே இறக்கம் தொடங்குமுன்பே 'எல்', 'எஸ்' போன்ற தாழ்நிலைக்கு மாற்ற வேண்டும். டொயோட்டா ஹைபிரிட் கார்களில் இதற்கென 'பி' நிலை உண்டு. இது தரிப்பிட 'பி' அன்று, பிரேக்கைக் குறிப்பது. நீண்ட இறக்கத்தில் மின்கலம் நிறைந்துவிட்டால் மின்மோட்டாரின் தடுப்பும் குறையும் என்பதால் இந்நிலை இன்றியமையாதது. வீட்டில் முழுமையாக மின்னேற்றிக்கொண்டு மலையிறங்கும் மின்சாரக் கார்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணிச் சிலர் இறக்கத்தில் கியரை நியூட்ரலில் விடுகின்றனர். இன்றைய எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளைத் தாமே நிறுத்திக்கொள்பவை. ஆகவே மிச்சம் ஏதுமில்லை. ஆபத்து மட்டுமே எஞ்சும்.

வாகனம் வாங்குவோர் நிறத்தையும் விலையையும் விசாரிப்பதுடன், உள்ளிருப்பது எவ்வகைக் கியர், அதன் எண்ணெய் இறுதியாக எப்போது மாற்றப்பட்டது என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும். பரீட்சார்த்த ஓட்டத்தைச் சமதரையில் முடித்துக்கொள்ளாது ஹந்தானை போன்றதொரு சரிவிலும் நடத்திப் பார்ப்பது நன்று. சாரதிப் பயிற்சி நிலையங்களும் தானியங்கி கியரில் மலையிறங்கும் முறையைத் தனிப்பாடமாகவே கற்பிக்க முன்வர வேண்டும் என்பது எமது வேண்டுகோளாகும்.